பொம்மைச் சிப்பாய்களும் வரலாற்று உண்மையும்



மனித உருவங்களைச் சிறிதாகச் செய்து, படைபோல வரிசையாக நிறுத்தி வைக்கும் வழக்கம் மிகத் தொன்மையானது. எகிப்து நாட்டில் அசியூத் என்னும் ஊரில், மெசெத்தி என்ற ஆட்சியாளரின் கல்லறையிலிருந்து மரத்தால் செதுக்கிய இரண்டு படைகள் கிடைத்தன. ஒன்றில் ஈட்டி ஏந்திய எகிப்தியர் 40 பேர். மற்றதில் வில் ஏந்திய நூபியர் 40 பேர். நான்கு நான்கு பேராக நடைபோடும் அந்த உருவங்களுக்கு வயது ஏறத்தாழ 4,000 ஆண்டுகள். அவை விளையாட்டுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. இறந்தவருக்குத் துணையாக வைக்கப்பட்டவை. ஆயினும், இன்று கடையில் பிளாஸ்டிக் பைக்குள் தொங்கும் பொம்மைச் சிப்பாய்க்கு அவற்றை மூதாதையர் என்று சொல்லலாம்.

இந்தப் பொம்மைச் சிப்பாய்களைச் சேகரித்து, வேண்டியபடி உருமாற்றி, வரலாற்றில் உண்மையாகவே நடந்த ஒரு போரைப் பலகையின்மீது அமைத்துக் காட்டும் கலை ஒன்று உண்டு. அதைப் போர்க்கள மாதிரி என்று அழைப்போம். ஐரோப்பிய நாடுகளில் பள்ளி மாணவர் முதல் ஓய்வு பெற்ற முதியவர் வரை பலரும் இதில் ஈடுபட்டிருக்கிறார்கள். அந்தக் கலை எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும், அதில் இறங்கிய ஒரு மனிதர் பட்ட பாட்டையும் இன்றைய பேச்சில் காண்போம்.

"பிள்ளைகளுக்குச் சண்டையைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?" என்று தாய்மார்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதற்கான விடையை இப்பேச்சின் போக்கிலேயே தேடுவோம்.

முதலில் பொம்மையின் கதை. 1770ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் ஹில்பெர்ட் என்ற வெள்ளீயக் கைவினைஞர் தட்டையான சிப்பாய்களை வார்த்து விற்றார். சிலேட்டுக் கல்லில் உருவத்தைப் பள்ளமாகச் செதுக்கி, இரண்டு கற்களைச் சேர்த்துப் பிடித்து, உருகிய உலோகத்தை ஊற்றினால் காகிதம்போல் மெல்லிய சிப்பாய் கிடைப்பான். முன்னாலிருந்து பார்த்தால் ஒரு கோடு. பக்கவாட்டில் பார்த்தால் முழு மனிதன்.

1893ஆம் ஆண்டில் லண்டனைச் சேர்ந்த பிரிட்டன் என்னும் குடும்ப நிறுவனம் வேறொரு வழியைக் கண்டது. உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரங்கள் இறுகியதும் நடுவில் இருக்கும் குழம்பை வெளியே சாய்த்துவிடுவார்கள். உள்ளே கூடு, வெளியே முழு உருவம். ஈயம் குறைவாகச் செலவானதால் விலையும் குறைந்தது. 54 மில்லிமீட்டர் உயரமுள்ள அந்தச் சிப்பாய்களை இன்றும் சேகரிப்போர் தேடித் தேடி வாங்குகிறார்கள். ஈயம் உடம்புக்குக் கேடு என்பதால், 1966ஆம் ஆண்டோடு பிரிட்டனில் ஈயச் சிப்பாய்த் தயாரிப்பு நின்றது. அதற்கு முன்பே பிளாஸ்டிக் வந்துவிட்டது. 1959ஆம் ஆண்டில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் சுண்டுவிரலின் பாதி உயரமே உள்ள சிப்பாய்களைப் பெட்டி பெட்டியாக மலிவு விலையில் விற்கத் தொடங்கியது. அதுவரை பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கே கிடைத்துவந்த படை, சில்லறைக் காசு வைத்திருந்த பிள்ளையின் கைக்கும் வந்து சேர்ந்தது.

சரி, கையில் பொம்மைகள் வந்துவிட்டன. எந்தப் போரைச் செய்வது? இதற்கு எடுத்துக்காட்டாக வாட்டர்லூ போரை எடுத்துக்கொள்வோம். உலகில் மிகுதியாகப் பலகை ஏறிய போர்களுள் அதுவும் ஒன்று.

1815ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இன்றைய பெல்ஜிய நாட்டில், பிரசல்ஸ் நகருக்குத் தெற்கே உள்ள வயல்வெளி. முதல் நாள் இரவு முழுதும் கொட்டிய மழையால் தரை சேறாகிக் கிடந்தது. ஒரு பக்கம் பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன், ஏறத்தாழ 73,000 பேருடன். எதிர்ப்பக்கம் வெலிங்டன் பிரபு, ஏறத்தாழ 68,000 பேருடன். வெலிங்டனின் படையில் பிரிட்டிஷார் மூன்றில் ஒரு பங்கினர்தாம். மற்றவர்கள் டச்சுக்காரர், பெல்ஜியர், ஹனோவர், பிரன்ஸ்விக், நசாவ் முதலிய ஜெர்மானிய நாட்டினர். முற்பகலில் தொடங்கிய சண்டை மாலைவரை எந்தப் பக்கமும் சாயவில்லை. மாலை 4:30 மணியளவில், கிழக்கிலிருந்து புளூஷர் என்ற முதிய தளபதியின் பிரஷ்யப் படை நெப்போலியனின் வலப்புறத்தைத் தாக்கியது. இரவுக்குள் ஏறத்தாழ 50,000 பிரஷ்யர்கள் களத்துக்கு வந்துவிட்டார்கள். 7 மணிக்குமேல் நெப்போலியன் தம் கடைசி நம்பிக்கையான மெய்க்காவல் படையை மேட்டின்மீது ஏவினார். அது பின்வாங்கியது. பிரெஞ்சுப் படை சிதறியது. அந்த ஒரே நாளில் இறந்தவரும் காயமுற்றவரும் 40,000 பேருக்கும் மேல்.

இனி, இந்தப் போரைப் பலகையில் வைக்க வேண்டும். முதல் வேலை கணக்கு. ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேருக்கு இரண்டு இலட்சம் பொம்மை வாங்க யாரால் முடியும்? ஆகவே, 20 பேருக்கு ஒரு பொம்மை என்று வைத்துக்கொள்வார்கள். 600 பேர் கொண்ட பட்டாளத்துக்கு 30 பொம்மைகள் போதும். பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுப்பதுபோல, எந்தப் பட்டாளத்தில் அன்று காலை எத்தனை பேர் இருந்தார்கள் என்று புத்தகங்களில் தேடிக் குறித்துக்கொள்ள வேண்டும். பொம்மை சேகரிப்பதற்கு முன் செய்தி சேகரிக்க வேண்டும் என்பது இக்கலையின் முதல் பாடம்.

இரண்டாவது வேலை அளவு. பிரிட்டிஷ் காலாட்படை இரண்டு வரிசையாக நின்று சுடும் வழக்கமுடையது. 600 பேர் இரண்டு வரிசையில் நின்றால் ஒரு வரிசைக்கு 300 பேர். ஒருவனுக்கு அரை மீட்டர் இடம் என்றால் படையின் முகப்பு 150 மீட்டர். நம் பொம்மைகளோ வரிசைக்கு 15. ஒரு பொம்மைக்கு ஒன்றரைச் சென்டிமீட்டர் என்றால் 22 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். ஆகவே, பலகையில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் ஏறத்தாழ 7 மீட்டர். ஆனால் பொம்மையோ மனிதனை 72இல் ஒரு பங்காகச் சுருக்கியது. மனிதனுக்கு ஓர் அளவு, மண்ணுக்கு வேறோர் அளவு! 60 மீட்டர் நீளமுள்ள பண்ணை வீட்டைப் பொம்மையின் அளவுக்குச் செய்தால் 83 சென்டிமீட்டர் வரும். தரையின் அளவுக்குச் செய்தால் 9 சென்டிமீட்டர்கூட வராது. கைதேர்ந்தவர்கள் கதவின் உயரத்தைப் பொம்மைக்குப் பொருத்தமாக வைத்து, கட்டடத்தின் நீள அகலத்தைக் குறைத்துவிடுவார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அது உறுத்துவதில்லை.

மூன்றாவது வேலைதான் உருமாற்றம். கடையில் கிடைக்கும் பெட்டியில் நமக்கு வேண்டிய சிப்பாய் எப்போதும் இருப்பதில்லை. பிரெஞ்சுச் சிப்பாய் தாராளமாகக் கிடைப்பான்; பிரஷ்யச் சிப்பாய் சில வேளைகளில் கிடைக்காமல் போகலாம். அப்போது ஒருவனை இன்னொருவனாக மாற்ற வேண்டும். பெருங்கோட்டு அணிந்த பிரெஞ்சுச் சிப்பாயை எடுத்துக்கொள்வோம். பிரஷ்யன் தன் கோட்டைச் சுருட்டி, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக மாலைபோல் அணிவான். மெல்லிய காகிதத்தை வெள்ளைப் பசையில் நனைத்து, கயிறுபோல் முறுக்கி, பொம்மையின் மார்பின் குறுக்கே ஒட்டினால் அந்தச் சுருள் வந்துவிடும். தொப்பியின் முன்புறமுள்ள பிரெஞ்சுச் சின்னத்தைச் சீவி எடுத்துவிட்டுக் கறுப்பு வண்ணம் பூசினால், மழைக்கு உறை போட்ட பிரஷ்யத் தொப்பி ஆகிவிடும். பிரஷ்யாவின் குடிப்படையினர் முன்விளிம்பு வைத்த துணித் தொப்பி அணிந்தார்கள். அதற்கு வேறொரு பொம்மையின் தலையை வெட்டி வைக்க வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம். இந்தப் பொம்மைகள் மெழுகுபோல் வழுக்கும் மென்மையான பிளாஸ்டிக்கால் ஆனவை. சாதாரணப் பிளாஸ்டிக் பசை இவற்றைப் பிடிப்பதில்லை. ஆகவே, கழுத்தை நேராக வெட்டி, உடலில் ஒரு குண்டூசித் துண்டைச் சூடாக்கிச் செருகி, அதன்மேல் புதிய தலையைப் பொருத்த வேண்டும். கையையோ காலையோ வளைக்க வேண்டுமானால் வெந்நீரில் சற்று நேரம் வைத்து, வளைத்துப் பிடித்து, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் பெரும்பாலும் அப்படியே நிற்கும். உடைந்த துப்பாக்கிக் கத்திக்கு ஊசி முனை. தொப்பி இறகுக்கு நூல். தோல் வாருக்குக் காகித நறுக்கு. வண்ணம் பூசுமுன் சோப்பு நீரில் கழுவி, வெள்ளைப் பசையை நீரில் கலந்து ஒரு முறை பூசி உலரவிட்டால் வண்ணம் எளிதில் உரியாது.

பட்டைக்கு மேல் உளியை ஓட்டி, மரத்துக்குக் காயம் படாமல் மெல்லிய சீவலை எடுக்கத் தெரிந்த கைகளுக்கு இந்த வேலை கடினமன்று. ஆனால் கூரிய கத்தியும் சூடான ஊசியும் சிறு பிள்ளைகள் கையில் தனியே இருக்கக் கூடாது. பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். பழைய ஈயச் சிப்பாய் யாரிடமாவது கிடைத்தால், அதைச் சீவுவதும் தேய்ப்பதும் வேண்டாம். தொட்டபின் கையைக் கழுவ வேண்டும். வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளிடம் அதைக் கொடுக்கவே கூடாது.

வண்ணத்திலும் கவனம் வேண்டும். அணிவகுப்பு ஓவியங்களில் நெப்போலியனின் மெய்க்காவலர் பளபளக்கும் முழு உடையில் நிற்பார்கள். வாட்டர்லூவில் அவர்களில் பெரும்பாலோர் நீலப் பெருங்கோட்டோடு போரிட்டதாக அறிகிறோம். விடியவிடிய மழையில் நனைந்து, சேற்றில் புரண்டு எழுந்தவனுடைய காற்சட்டை வெள்ளைவெளேரென்று இருக்குமா? மண்நிறத்தை நீர்க்கக் கரைத்து முழங்காலுக்குக் கீழே பூசுவார்கள். சிலரின் தலையில் கட்டு. சிலர் தரையில் கிடப்பார்கள், அவர்கள் எழுந்திருக்கமாட்டார்கள். ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்த தானியப் பயிரைக் காட்டப் பழைய பல்தூரிகையின் மயிரை வெட்டி நடலாம். படை நடந்த வழியெல்லாம் அந்தப் பயிரைச் சாய்த்து மிதித்துவிட வேண்டும். அது யாரோ ஒரு குடியானவரின் ஆண்டு முழுதுக்குமான உழைப்பு. காய்ந்த தேயிலைச் சக்கை நல்ல மண்ணாகும். மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் போட்டால் புல்லாகும்.

தாய்மார்களின் கேள்விக்கு விடையின் ஒரு பாதி இங்கே இருக்கிறது. வீழ்ந்தவனையும் மிதிபட்ட பயிரையும் தன் கையால் செய்து வைக்கும் பிள்ளை, போரை வெறும் கொண்டாட்டமாக எண்ணுவது அரிது. மற்றப் பாதியை, இதே வாட்டர்லூவை மாதிரியாகச் செய்த ஒரு மனிதரின் வாழ்க்கையில் காண்போம்.

அவர் பெயர் வில்லியம் சைபோர்ன். 1797ஆம் ஆண்டில் பிறந்தவர். பிரிட்டிஷ் இராணுவத்தில் லெப்டினன்ட். வாட்டர்லூ போரில் அவர் பங்குகொள்ளவில்லை. ஆனால் நிலத்தை அளந்து வரைபடம் ஆக்குவதிலும், மேடு பள்ளங்களை மாதிரியாகச் செய்வதிலும் வல்லவர். அத்துறையில் நூல்களும் எழுதியவர். 1830ஆம் ஆண்டில், இராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த ஹில் பிரபு, வாட்டர்லூ போர்க்களத்தை மாதிரியாகச் செய்யும் பணியை அவரிடம் ஒப்படைத்தார்.

சைபோர்ன் நேரே களத்துக்குப் போனார். போரின் நடுமையமாக இருந்த லா ஹே சாந்த் என்னும் பண்ணை வீட்டிலேயே எட்டு மாதம் தங்கி, நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்தார். அதற்குள் களமே மாறிப்போயிருந்தது. போரின் நினைவாக 1826ஆம் ஆண்டுக்குள் அங்கே 40 மீட்டர் உயரத்துக்கு ஒரு மண்குன்று எழுப்பி, உச்சியில் சிங்கச் சிலை வைத்துவிட்டார்கள். அதற்கு வேண்டிய மண்ணை வெலிங்டனின் படை நின்ற மேட்டிலிருந்தே வெட்டி எடுத்திருந்தார்கள். நினைவுச் சின்னம் எழுப்பப் போய், நினைவுக்குரிய மேட்டையே குறைத்துவிட்டார்கள்!

ஆகவே, நிலத்தை அளந்தால் மட்டும் போதாது, நினைவுகளையும் திரட்ட வேண்டும் என்று சைபோர்ன் கண்டார். போரில் கலந்துகொண்டு உயிரோடிருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். மாலை 7 மணியளவில் உங்கள் பட்டாளம் எங்கே நின்றது, எந்த வடிவில் நின்றது, எதிரே இருந்த எதிரி எவ்வாறு நின்றான், காலடியில் என்ன பயிர் இருந்தது என்றெல்லாம் கேட்டார். ஏறத்தாழ 700 கடிதங்கள் திரண்டன. ஒரு போரைப்பற்றி அதில் ஈடுபட்டவர்களிடமே இவ்வளவு விரிவாகக் கேட்டறிந்தது அக்காலத்தில் புதுமை.

1833ஆம் ஆண்டில் அரசாங்கம் பண உதவியை நிறுத்திவிட்டது. சைபோர்ன் வேலையை விடவில்லை. கடன் வாங்கித் தொடர்ந்தார். மொத்தச் செலவு ஏறத்தாழ 3,000 பவுன் ஆயிற்று. 1838ஆம் ஆண்டில் மாதிரி முடிந்து, லண்டனில் எகிப்திய மண்டபம் என்ற காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டது. ஏறத்தாழ 400 சதுர அடிப் பரப்பு. ஒரு மைல் தரைக்கு ஒன்பது அடி என்பது அளவு. அதன்மேல் 70,000க்கும் மேற்பட்ட உலோகச் சிப்பாய்கள். அந்தத் தரையின் அளவுப்படி பார்த்தால் மனிதனுக்கு மூன்று மில்லிமீட்டர் உயரந்தான் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று பத்து மில்லிமீட்டராகச் செய்திருந்தார். நாம் முன்னே சொன்ன இரட்டை அளவு முறையை இங்கேயும் பார்க்கிறோம். நபருக்கு ஒரு ஷில்லிங் கட்டணம் கொடுத்து ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் வந்து பார்த்தார்கள். ஆனாலும் சைபோர்னின் கடன் தீரவில்லை.

கடனைவிடப் பெரிய சங்கடம் வேறொன்று இருந்தது. அது பிரஷ்யச் சிப்பாய்களைப் பற்றியது. மாலை 7 மணிக்குப் பிரஷ்யர் எதுவரை வந்திருந்தார்கள், எத்தனை பேர் என்று பிரஷ்யத் தலைமை இராணுவ அலுவலகத்தையும் கேட்டு, அதன்படி சைபோர்ன் தொடக்கத்தில் பெரும் எண்ணிக்கையில் அவர்களை மாதிரியில் வைத்திருந்தார். பலகையைப் பார்க்கிறவர் யாராயினும், நெப்போலியனின் பக்கவாட்டில் நெருக்கிக்கொண்டு நிற்கும் அந்தப் படையைக் காணாமல் இருக்க முடியாது. வெலிங்டனுக்கு இது பிடிக்கவில்லை. அந்த நேரத்தில் பிரஷ்யர் அவ்வளவு தூரம் முன்னேறியிருக்கவில்லை, மாதிரி தவறான எண்ணத்தைத் தருகிறது என்பது அவர் கருத்து. வெலிங்டன் அப்போது நாட்டின் தலைமகன், முன்னாள் பிரதமர். சைபோர்னோ பதவி உயர்வுக்கும் பண உதவிக்கும் மேலிடத்தை எதிர்பார்த்து நின்ற சிறிய அதிகாரி.

பிற்பாடு மாதிரியிலிருந்து பிரஷ்யச் சிப்பாய்கள் பெருவாரியாக அகற்றப்பட்டார்கள். நெருக்குதலுக்குப் பணிந்து எடுத்தாரா, மறுபடி ஆராய்ந்து மனம் மாறி எடுத்தாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2004ஆம் ஆண்டில் பீட்டர் ஹோஃப்ஷ்ரோயர் என்பவர் இதைப்பற்றியே ஒரு நூல் எழுதி, நெருக்குதல்தான் காரணம் என்று வாதிட்டார். அதை மறுப்போரும் உண்டு. எது எப்படியாயினும், பொம்மைகள் எடுக்கப்பட்டன என்பது உண்மை. வாட்டர்லூ களத்தில் பிரஷ்யத் தரப்பில் இறந்தவரும் காயமுற்றவரும் ஏறத்தாழ 7,000 பேர் என்பதும் உண்மை.

நேயர்களே, இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். உருமாற்றம் என்பது இக்கலையின் உயிர் என்று சொன்னோம். கிடைத்த பொம்மையை, உண்மையில் இருந்த மனிதனுக்கு ஏற்ப மாற்றுவது ஒருவகை மாற்றம். அதற்காகத்தான் தலையை வெட்டுகிறோம், கோட்டைச் சுருட்டுகிறோம், சேறு பூசுகிறோம். உண்மையில் இருந்தவனை, ஒருவருடைய விருப்பத்துக்கு ஏற்பப் பலகையிலிருந்து எடுத்துவிடுவது வேறுவகை மாற்றம். இரண்டையும் கத்தியும் பசையும் கொண்ட அதே கைதான் செய்கிறது. ஆகவே, ஒரு மாதிரியைச் செய்கிறவரும் சரி, பார்க்கிறவரும் சரி, "இங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. "யார் இல்லை?" என்றும் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வியைச் சைபோர்னின் கடிதங்களைப் பார்த்தும் கேட்கலாம். அவர் கேட்டு எழுதியது அதிகாரிகளுக்கு. பலகையில் நின்ற 70,000 பொம்மைகளில் மிகப் பெரும்பான்மை சாதாரணச் சிப்பாய்கள். துப்பாக்கி தூக்கிய உழைப்பாளிகள். காலடியில் என்ன பயிர் இருந்தது என்று அவர்களுக்குத் தெரியாதா? படுத்துக் கிடந்தது அவர்கள்தாமே! போருக்குப் பின் 1816ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட வாட்டர்லூ பதக்கம் தளபதி முதல் கடைசிச் சிப்பாய் வரை ஒன்றுபோலக் கொடுக்கப்பட்டது. பிரிட்டனில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. பதக்கம் எல்லோருக்கும் வந்தது. கேள்விக் கடிதம் அதிகாரிகளுக்கே போயிற்று. எழுத்தறிவு பரவாத காலம் அது என்பதும் ஒரு காரணம். எழுதத் தெரிந்தவரின் நினைவு புத்தகமாகிறது. எழுதத் தெரியாதவரின் நினைவை யாராவது கேட்டுக் குறித்துக்கொள்ளாவிட்டால், அது அவரோடு போய்விடுகிறது.

சைபோர்ன் அதன் பிறகும் ஓயவில்லை. பெரிய அளவில் இரண்டாவது மாதிரி ஒன்றைச் செய்தார். அது நண்பகலுக்குப் பின் நடந்த பிரிட்டிஷ் குதிரைப்படைத் தாக்குதலைக் காட்டுவது. திரட்டிய கடிதங்களைக் கொண்டு 1844ஆம் ஆண்டில் போரின் வரலாற்றையும் எழுதி வெளியிட்டார். 1849ஆம் ஆண்டில் காலமானார். அவருடைய பெரிய மாதிரி இன்று லண்டனில் தேசிய இராணுவ அருங்காட்சியகத்திலும், இரண்டாவது மாதிரி லீட்ஸ் நகர அரச ஆயுதக் காட்சிச்சாலையிலும் உள்ளன. கடிதங்களில் ஒரு பகுதியை அவருடைய மகன் 1891ஆம் ஆண்டில் நூலாக அச்சிட்டார். இன்று வாட்டர்லூவைப்பற்றி ஆராய்கிற எவரும் அந்தக் கடிதங்களைத் தொடாமல் போவதில்லை. பலகையிலிருந்து பொம்மையை எடுத்துவிட்டாலும், கடிதங்களைத் திரட்டி வைத்த காரணத்தால், எடுத்தது சரிதானா என்று நாம் இன்று கேட்க முடிகிறது. அதுவே அம்மனிதரின் பெருமை.

நம் பிள்ளைகள் இதில் ஈடுபட விரும்பினால் எப்படித் தொடங்கலாம்? முழுப் போரையும் எடுக்க வேண்டாம். சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பார்கள். பழைய அட்டைப்பெட்டியின் மூடி ஒன்று போதும். ஒரு பண்ணை வீட்டு வாசல், ஒரு வேலி, இருபது பொம்மைகள். முதலில் நாளையும் நேரத்தையும் முடிவு செய்து, அந்த ஒரு நிமிடத்தை மட்டும் காட்ட வேண்டும். காலையில் வந்தவனையும் மாலையில் வந்தவனையும் ஒன்றாக நிறுத்திவிடக் கூடாது. ஒரே புத்தகத்தை நம்பாமல் இரண்டு மூன்று புத்தகங்களைப் பள்ளி நூலகத்திலோ நகர நூலகத்திலோ பார்க்க வேண்டும். இரு தரப்பாரும் எழுதியவை கிடைத்தால் இன்னும் நல்லது.

பலகையின் ஓரத்தில் ஒரு தாள் ஒட்டச் சொல்லுங்கள். எந்த ஊர், எந்த நாள், எந்த மணி, ஒரு பொம்மை எத்தனை பேருக்கு நிகர் என்று அதில் எழுத வேண்டும். கீழே இரண்டு பத்தி: "படித்து அறிந்தது" என்று ஒன்று, "நாமே ஊகித்தது" என்று மற்றொன்று. பொம்மை கிடைக்காமல் விடுபட்ட படையின் பெயரையும் அதில் எழுதிவிட வேண்டும். பொம்மை இல்லாவிட்டாலும் பெயராவது இருக்கட்டும். வண்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்தத் தாள் இல்லாத பலகை விளையாட்டுச் சாமான்தான். அந்தத் தாள் இருந்தால் அது வரலாற்றுப் பாடமாகிவிடும்.

தாய்மார்களின் கேள்விக்கு விடையின் மறுபாதி இதுவே. இருபது பொம்மைகளை வைத்துக்கொண்டு, எங்கே நின்றார்கள், எப்படித் தெரியும், யார் சொன்னது, சொல்லாமல் விட்டவர் யார் என்று கேட்டுப் பழகிய பிள்ளை, நாளை எந்தப் புத்தகத்தைப் படித்தாலும் அதே கேள்விகளைக் கேட்பான். அதே பிள்ளை பின்னொரு நாள் தன் தாத்தா பாட்டியின் காலத்துத் தோட்டத்தைப் பலகையில் அமைக்க விரும்பலாம். லயத்தையும் ஸ்டோரையும் பால் கொட்டகையையும் அட்டையில் வெட்டி நிறுத்துவான். அப்போதும் அதே முறைதான். தோட்டத்து வரைபடத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைக் கேட்க வேண்டும். காண்டா தூக்கியவரும் புல்வெட்டியவரும் பிள்ளைக் கொட்டகை ஆயாவும் அந்தப் பலகையில் இருக்க வேண்டும். கேட்பதற்குப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக் குறித்து வைப்பது நல்லது.

இந்த அளவில் இன்றைய பேச்சை நிறைவு செய்வோம்.